பக்கத்து மேஜைக்காரரை உங்களுக்குத் தெரியுமா?

ஒரு சர்க்கார் ஆபீசுக்குள் நுழைந்து பாருங்கள். வரிசையாக மேஜைகள். ஒவ்வொரு மேஜைக்கும் ஒருவர். ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்குக் காகிதம் போகிறது. அங்கிருந்து அதற்கு அடுத்த மேஜைக்குப் போகிறது. இப்போது பல ஆபீசுகளில் கம்ப்யூட்டர் வழியாகப் போகிறது. எப்படிப் போனாலும், பத்து வருஷம், இருபது வருஷம் போய்க் கொண்டே இருக்கிறது.

காகிதம் போகிறது, சரி. மனிதர்கள் ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்குப் போகிறார்களா?

“அவரா? அவர் அடுத்த பிரிவு. காலையில் வணக்கம் சொல்வார். சாயங்காலம் பையை எடுத்துக் கொண்டு போய்விடுவார்” என்கிறோம். பக்கத்து மேஜைக்காரரைப் பற்றி நம்மில் பலருக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அவருக்கு என்ன தெரியும், எதில் அவர் கெட்டிக்காரர் என்று கேட்டால் விழிப்போம்.

“தெரியாவிட்டால் என்ன நஷ்டம்?” என்று கேட்கலாம். நஷ்டம் உண்டு. ஆனால் அது மேஜைக்கு இந்தப் பக்கம் இருப்பவருக்கு அல்ல. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்கு!

ஒரு நாள் கூலி போயிற்று

ஒரு தபாலாபீசை நினைத்துக் கொள்ளுங்கள். ஓர் அம்மாள் வருகிறாள். கூலி வேலை செய்கிறவள். கையில் ஒரு பழைய சேமிப்புப் புத்தகம். புருஷன் போட்டு வைத்த பணம். அவர் இறந்துவிட்டார். அந்தப் பணத்தை வாங்க வேண்டும்.

கவுண்ட்டரில் இருப்பவர் வேலைக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. இப்படி ஒரு விவகாரம் அவரிடம் வந்ததில்லை. என்னென்ன காகிதம் வேண்டும் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

மூன்று மேஜை தள்ளி ஒருவர் இருக்கிறார். இந்த வேலையை இருபது வருஷம் பார்த்தவர். விதி எல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். எழுந்து போய்க் கேட்டால் இரண்டு நிமிஷத்தில் தீர்ந்து விடும்.

ஆனால் புதியவர் எழுந்திருக்கவில்லை. “கேட்டால் சிரிப்பாரோ? இதுகூடத் தெரியாதா என்பாரோ?” என்று கூச்சம். “நாளைக்கு வாங்கம்மா” என்று சொல்லிவிடுகிறார்.

அந்த அம்மாள் திரும்பிப் போகிறாள். அன்றைய கூலி போயிற்று. நாளைக்கு வந்தால் நாளைக் கூலியும் போகும்.

கவுண்ட்டரில் இருந்தவர் கெட்டவர் அல்ல. சோம்பேறியும் அல்ல. பக்கத்தில் இருப்பவரிடம் பேசிப் பழக்கம் இல்லாதவர். அவ்வளவுதான். ஆனால் அவருடைய கூச்சத்துக்கு விலை கொடுத்தவர் யார் பார்த்தீர்களா?

கூச்சத்துக்கு மருந்து

இந்தக் கூச்சத்துக்கு ஒரு சுலபமான மருந்து இருக்கிறது. காசு செலவு இல்லை. அரை மணி நேரம் போதும். அதுதான் வினாடி வினா!

வினாடி வினா நமக்குப் புதிதல்ல. 1972-ல் ரேடியோவில் “போர்ன்விட்டா” வினாடி வினாப் போட்டி வந்தது. 1985-ல் தூர்தர்ஷனில் சித்தார்த்த பாசு “குவிஸ் டைம்” நடத்தினார். 2000-ல் அமிதாப் பச்சன் நடத்திய “கோன் பனேகா குரோர்பதி” நிகழ்ச்சி வந்தது. கேள்வி கேட்டால் உட்கார்ந்து பார்க்க ஜனங்கள் தயார் என்று அது காட்டிவிட்டது. படித்தவர், படிக்காதவர் என்ற வித்தியாசம் இல்லாமல் வீட்டில் எல்லோரும் பதில் சொன்னார்கள்.

சர்க்கார் ஆபீசுகளிலும் இது உண்டு. சர்தார் படேல் பிறந்த அக்டோபர் 31-ந் தேதி வரும் வாரத்தில் ஊழல் தடுப்பு விழிப்புணர்வு வாரம் கொண்டாடுகிறார்கள். அப்போது உறுதிமொழி எடுப்பார்கள். கட்டுரைப் போட்டி, வினாடி வினா எல்லாம் பல ஆபீசுகளில் நடக்கும்.

ஆனால் வருஷத்துக்கு ஒரு நாள் நடந்தால் அது விழா. மாதத்துக்கு ஒரு நாள் நடந்தால்தான் பழக்கம். பழக்கமானால்தான் கூச்சம் போகும்.

வாருங்கள், போட்டியைப் பார்ப்போம்!

அந்தத் தபாலாபீசிலேயே ஒரு போட்டி வைத்துப் பார்ப்போமா?

சாயங்காலம். கவுண்ட்டரை மூடியாயிற்று. கணக்கை முடித்தாயிற்று. பெஞ்சுகளை இழுத்துப் போட்டு மூன்று குழுக்கள் உட்கார்ந்திருக்கின்றன. மல்லிகை, முல்லை, ரோஜா என்று குழுக்களுக்குப் பெயர். ஒவ்வொன்றிலும் நான்கு பேர். சீட்டுக் குலுக்கிப் போட்டுப் பிரித்தது. அதனால் போஸ்ட் மாஸ்டரும் ஆபீஸ் உதவியாளரும் ஒரே பெஞ்சில்!

முதல் கேள்வி: “உலகத்திலேயே முதல் தபால் தலை எது?”

ரோஜா குழுவில் ஒரு பெண் கையைத் தூக்குகிறார். “பென்னி பிளாக்! பிரிட்டனில் 1840-ம் வருஷம் மே மாதம் வந்தது.”

சரியான பதில். அதற்கு முன்னால், கடிதம் எவ்வளவு தூரம் போகிறது என்று பார்த்துக் கட்டணம் வாங்கினார்கள். பெரும்பாலும் கடிதத்தை வாங்குகிறவர்தான் பணம் கொடுக்க வேண்டும். ரோலண்ட் ஹில் என்பவர் அதை மாற்ற யோசனை சொன்னார். தூரம் எவ்வளவானாலும் ஒரே கட்டணம். அனுப்புகிறவரே முன்கூட்டிக் கட்ட வேண்டும். கட்டியதற்கு அடையாளமாக ஒரு தலை ஒட்ட வேண்டும். இதுதான் தபால் தலை பிறந்த கதை.

உடனே முல்லை குழுவிலிருந்து ஒருவர் சொல்கிறார். “இன்னொரு வேடிக்கை சார்! இன்றைக்கும் பிரிட்டன் தபால் தலையில் அந்த நாட்டின் பெயர் இருக்காது. ராஜா தலை அல்லது ராணி தலைதான் அடையாளம்.” எல்லோரும் கை தட்டுகிறார்கள். அவர் தபால் தலை சேர்க்கிறவர் என்று அன்றைக்குத்தான் மற்றவர்களுக்குத் தெரிகிறது!

இரண்டாவது கேள்வி: “ஆகாய விமானத்தில் அதிகாரபூர்வமாக முதன் முதலில் தபால் போனது எந்த நாட்டில்?”

“அமெரிக்கா” என்கிறது ஒரு குழு. “பிரான்ஸ்” என்கிறது இன்னொரு குழு. இரண்டும் இல்லை. நம் இந்தியாவில்தான்! 1911-ம் வருஷம் பிப்ரவரி 18-ந் தேதி. இப்போது பிரயாக்ராஜ் எனப்படும் அலகாபாத்திலிருந்து, யமுனை ஆற்றைத் தாண்டி, நைனி என்ற இடத்துக்குத் தபால் பறந்தது. விமானத்தை ஓட்டியவர் ஆன்ரி பெக்கே என்ற பிரெஞ்சுக்காரர். சுமார் 6,500 கடிதங்கள்! போன தூரம் ஏறக்குறைய 10 கிலோ மீட்டர்தான். ஆனாலும் உலகத்துக்கே அதுதான் முதல்.

மூன்றாவது கேள்வி: “வருஷத்தில் சில மாதம் மட்டும் திறந்திருக்கும் தபாலாபீஸ் எது?”

போஸ்ட் மாஸ்டர் யோசிக்கிறார். கிளார்க்குகள் யோசிக்கிறார்கள். பதில் வந்தது மல்லிகை பெஞ்சின் கடைசி மூலையிலிருந்து. “சபரிமலை சன்னிதானம் சார்! மண்டல பூஜை, மகர விளக்கு சமயத்தில்தான் திறப்பாங்க. அங்கே போடற முத்திரையில் பதினெட்டுப் படியும் ஐயப்பனும் இருக்கும்.” சொன்னவர் ஆபீஸ் உதவியாளர். வருஷா வருஷம் மாலை போடுகிறவர்! போஸ்ட் மாஸ்டர் அவர் முதுகில் தட்டிக் கொடுக்கிறார்.

நான்காவது கேள்வி: “14,000 அடிக்கு மேல் உயரத்தில் இருக்கும் நம் தபாலாபீஸ் எது? தண்ணீரில் மிதக்கும் தபாலாபீஸ் எது?”

முதலாவது, இமாசலப் பிரதேசத்தில் ஹிக்கிம் என்ற கிராமத்தில் இருக்கிறது. இரண்டாவது, ஸ்ரீநகரில் தால் ஏரியில் இருக்கிறது. அந்தப் படகுத் தபாலாபீஸ் 2011-ல் திறக்கப்பட்டது. செல்போனில் ஊர் ஊராகப் பார்த்துக் கொண்டிருக்கும் இளைஞர் ஒருவர் இரண்டையும் பட்டென்று சொல்லிவிட்டார். “இவன் எப்போதும் போனையே பார்க்கிறான்” என்று குறை சொன்ன பெரியவருக்கே ஆச்சரியம்!

ஆறு எண்ணுக்குள் என்ன இருக்கிறது?

கடைசிக் கேள்விக்கு எல்லோரும் தயாராகிறார்கள்.

“பின்கோடு நம் நாட்டில் எப்போது வந்தது? அதன் ஆறு எண்களும் எதைக் குறிக்கின்றன?”

தபாலாபீசில் வேலை செய்கிறவர்களுக்கு இது தெரியாமல் இருக்குமா என்று நினைப்பீர்கள். தினமும் நூறு தடவை எழுதுகிற எண்ணாயிற்றே! ஆனால் தினமும் எழுதுகிறதை நாம் நின்று பார்ப்பதில்லை. இரண்டு குழுக்கள் பாதி பதில் சொல்லி நின்றுவிட்டன.

முல்லை குழுவில் ஒரு தபால்காரர். முப்பது வருஷ சர்வீஸ். அவர் மெதுவாக எழுந்து சொல்கிறார்.

“1972-ம் வருஷம் ஆகஸ்டு 15-ந் தேதி வந்தது. முதல் எண் நாட்டின் எந்தப் பகுதி என்று சொல்லும். நமக்கும் கேரளாவுக்கும் 6. ராணுவத் தபாலுக்கு 9. இரண்டாவது எண் அந்தப் பகுதிக்குள் எந்தப் பிரிவு என்று சொல்லும். மூன்றாவது, தபால் பிரிக்கும் ஜில்லா. கடைசி மூன்று எண், பட்டுவாடா செய்கிற தபாலாபீஸ். சென்னை ஜி.பி.ஓ. 600001. மதுரை 625001. கோயமுத்தூர் 641001.”

“அண்ணே, எப்படி அண்ணே இவ்வளவும் தெரியும்?” என்று புதிதாக வந்த கிளார்க் கேட்கிறார்.

“முன்னாலே ஒரே பெயரில் எத்தனை ஊர் தெரியுமா, தம்பி? கடிதம் ஒரு ஊருக்குப் போகும், ஆள் வேறே ஊரில் இருப்பார். விலாசம் ஒரு பாஷையில் இருக்கும், பிரிக்கிறவருக்கு வேறே பாஷை. அலைந்து பார்த்தவனுக்குத்தான் இந்த எண்ணின் அருமை தெரியும்” என்கிறார் தபால்காரர்.

இந்த எண் முறையை உருவாக்கியவர் ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர். தபால் இலாகாவின் உயர் அதிகாரி. அவர் சமஸ்கிருதக் கவிஞரும்கூட!

கவனித்தீர்களா? கேள்விகளுக்கு வேறு வேறு ஆட்கள் பதில் சொன்னார்கள். ஒருவருக்கே எல்லாம் தெரியவில்லை. ஒன்றுமே தெரியாதவர் என்றும் யாரும் இல்லை.

இனி அந்தப் புதிய கிளார்க்குக்கு ஒரு சந்தேகம் வந்தால், “அண்ணே” என்று கூப்பிட்டுக் கேட்பார். இப்போது கூச்சம் இருக்காது. போட்டியின் பலன் இதுதான்.

நடத்துவது எப்படி?

போட்டி என்றால் சண்டையும் வரும். வராமல் இருக்கச் சில யோசனைகள்:

1. ஜனங்கள் காத்திருக்கும் நேரத்தில் நடத்தக் கூடாது. வேலை முடிந்த பிறகுதான். ஊர் போக வேண்டியவர்களைத் தடுக்கவும் கூடாது. அரை மணியில் முடித்துவிட வேண்டும்.

2. அதிகாரிகள் ஒரு குழு, சிப்பந்திகள் ஒரு குழு என்று பிரிக்கக் கூடாது. பிரித்தால் போட்டி வைத்ததே வீண். சீட்டுக் குலுக்கிப் போடுங்கள்.

3. பெரிய அதிகாரி கேள்வி கேட்பவராக இருக்கக் கூடாது. அவரும் ஒரு குழுவில் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். அவர் ஒரு தடவை “தெரியவில்லை” என்று சொன்னால் போதும். மற்றவர்கள் வாய் தானாகத் திறக்கும்.

4. கேள்விகள் புத்தகத்தில் மட்டும் இருக்கக் கூடாது. சினிமா, சமையல், விளையாட்டு, கோயில், விவசாயம் எல்லாம் வேண்டும். ஆபீஸ் வேலையைப் பற்றியும் இரண்டு கேள்வி வேண்டும். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர்களும் ஜெயிக்க வழி இருக்க வேண்டும்.

5. கேள்வியை எழுதிக் காட்டுவதோடு நிற்காமல், எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கப் படிக்க வேண்டும். பதிலை வாயால் சொன்னால் போதும்.

6. தப்பான பதிலுக்குச் சிரிக்கக் கூடாது. இதுதான் முக்கியமான விதி. ஒருவரைப் பார்த்து ஒரு தடவை சிரித்தால், அவர் அடுத்த மாதம் வாய் திறக்க மாட்டார்.

7. பரிசு பெரிதாக வேண்டாம். ஒரு டப்பா லட்டு போதும். ஜெயித்தவர்கள் தோற்றவர்களுக்குப் பங்கு கொடுக்க வேண்டும்!

30 ரூபாய் குமாஸ்தா

பக்கத்து மேஜையில் யார் இருக்கிறார் என்று தெரிந்து கொள்வதால் எவ்வளவு பெரிய பலன் வரும்? அதற்குச் சென்னையிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது.

1912-ம் வருஷம் மார்ச் மாதம் 1-ந் தேதி. சென்னைத் துறைமுக ஆபீசில் ஓர் இளைஞர் வேலைக்குச் சேர்ந்தார். கணக்குப் பிரிவில் குமாஸ்தா. சம்பளம் மாதம் 30 ரூபாய். வயது 24. கல்லூரிப் பரீட்சையில் தேறாதவர். கணக்கைத் தவிர வேறு பாடங்களில் அவருக்கு மனம் போகவில்லை.

அவர் பெயர் ராமானுஜன்.

அந்த ஆபீசில் தலைமைக் கணக்கராக இருந்தவர் நாராயண ஐயர். அவரும் கணிதம் படித்தவர். தமக்குக் கீழே வேலை பார்க்கும் குமாஸ்தாவின் திறமை அவருக்குத் தெரிந்தது. “நான் மேலதிகாரி, இவன் 30 ரூபாய்ச் சம்பளக்காரன்” என்று அவர் நினைக்கவில்லை. சாயங்காலத்தில் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சிலேட்டில் கணக்குப் போடுவார்கள்.

ராமானுஜன் நடுவில் பல படிகளை விட்டுவிட்டுத் தாண்டித் தாண்டிப் போவாராம். “எனக்குப் புரியும்படி இடையில் உள்ள படிகளையும் எழுது” என்று நாராயண ஐயர் கேட்பாராம். மேலே இருப்பவர் கீழே இருப்பவரிடம் “எனக்குப் புரியவில்லை, விளக்கு” என்று கேட்டார். அதனால் அவருடைய மதிப்பு குறைந்ததா? இல்லை. இன்றைக்கும் அவர் பெயரைச் சொல்கிறோம்!

துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்ற வெள்ளைக்கார எஞ்சினீயர். நாராயண ஐயர் மூலம் அவருக்கும் ராமானுஜன் விஷயம் தெரிந்தது. அவரும் உதவினார். 1913-ம் வருஷம் ஜனவரி மாதம், கேம்பிரிட்ஜில் இருந்த பேராசிரியர் ஹார்டிக்கு ராமானுஜன் கடிதம் எழுதினார். தாம் துறைமுக ஆபீசில் ஒரு குமாஸ்தா என்றுதான் அதில் தம்மை அறிமுகம் செய்து கொண்டார். அந்தக் கடிதத்தில் இருந்த கணக்குகளைப் பார்த்து ஹார்டி அசந்து போனார்.

அதே வருஷம் சென்னை சர்வ கலாசாலை ராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவிப் பணம் கொடுத்தது. 1914 மார்ச்சு 17-ந் தேதி அவர் கப்பல் ஏறினார். 1918-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் அங்கத்தினர் ஆனார். உலகம் போற்றும் கணித மேதை ஆனார்.

எல்லா ஆபீசிலும் ஒரு ராமானுஜன் இருக்க மாட்டார். ஆனால் எல்லா ஆபீசிலும் ஒரு நாராயண ஐயர் இருக்கலாம். அதற்கு மேதையாகப் பிறக்க வேண்டியதில்லை. பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து, “உனக்கு என்ன தெரியும்? எனக்கும் சொல்லு” என்று கேட்டால் போதும்!

வீட்டிலும் கேளுங்கள்!

ஆபீசில் நடத்துவதற்கு முன்னால் வீட்டில் ஒரு தடவை நடத்திப் பாருங்கள். பாட்டி ஒரு குழு, பேரன் ஒரு குழு என்று பிரிக்காதீர்கள். பாட்டியும் பேரனும் ஒரே குழு! இதோ ஐந்து கேள்விகள்:

1. ஆசியாவிலேயே முதல் தபால் தலை எது?
2. சுதந்திர இந்தியாவின் முதல் தபால் தலையில் என்ன படம் இருந்தது?
3. நம் நாட்டில் தந்தி அனுப்பும் வசதி எந்த வருஷம் நின்றது?
4. மணியார்டர் நம் நாட்டில் எப்போது தொடங்கியது?
5. உலகத் தபால் தினம் எது?

விடைகள்: 1. சிந்து மாகாணத்தில் 1852-ல் வந்த “சிந்து டாக்” தபால் தலை. விலை அரை அணா. 2. தேசியக் கொடி, 1947 நவம்பர் 21-ந் தேதி வெளிவந்தது, “ஜெய்ஹிந்த்” என்றும் எழுதியிருந்தது. 3. 2013-ம் வருஷம், ஜூலை மாதம். 4. 1880-ல். 5. அக்டோபர் 9, 1874-ல் அந்தத் தேதியில்தான் சுவிட்சர்லாந்தில் பெர்ன் நகரில் உலகத் தபால் சங்கத்தை அமைக்க நாடுகள் கையெழுத்துப் போட்டன.

ஐந்தும் தெரிந்தவர்கள் அடுத்த வீட்டுக்காரரிடம் கேளுங்கள். ஆபீசில் வேலை செய்கிறவர்கள் நாளைக்கே பக்கத்து மேஜையில் கேளுங்கள். பதில் தெரியாதவர்கள், “தெரியவில்லை, சொல்லுங்கள்” என்று தைரியமாகக் கேளுங்கள்.

அப்படிக் கேட்டுப் பழகிய ஆபீசில், பழைய சேமிப்புப் புத்தகத்தோடு வரும் ஓர் அம்மாள் “நாளைக்கு வாங்கம்மா” என்ற சொல்லைக் கேட்க வேண்டி இருக்காது. “கொஞ்சம் உட்காருங்கம்மா, அண்ணனைக் கேட்டுச் சொல்கிறேன்” என்ற சொல்லைக் கேட்பாள். அன்றைய வேலை அன்றே முடிந்துவிடும்.